அப்பாவின் கேரவானும் சரிகம கணக்கும்

2018 தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு தமிழ் கேரவான் வாங்கிக் கொடுத்தேன். பழைய ரேடியோ போலிருக்கும் பெட்டி, உள்ளே 5,000 பாட்டு. காலையில் காபி குடித்ததும் அப்பா அதன் குமிழைத் திருப்பிவிடுவார். அந்த மகிழ்ச்சியில், அந்தப் பெட்டியை விற்கிற, பழைய பாட்டுகளின் உரிமையையும் வைத்திருக்கிற இசை நிறுவனமான சரிகமவின் பங்கும் கொஞ்சம் வாங்கினேன். ஆடிட்டர் ஆபீஸில் 20 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ஆனாலும் அன்றைக்கு நான் பார்த்தது விற்பனையை மட்டும்தான். கேரவான் நன்றாக விற்கிறது, வருமானம் ஏறுகிறது, அது போதும் என்று நினைத்தேன்.

என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது 2020-21 கணக்கு. கொரோனாவில் கடைகள் மூடிக் கிடந்தன, கேரவான் விற்பனை சரிந்தது. அதற்கு முந்தைய வருடம் சுமார் 521 கோடி ரூபாயாக இருந்த வருமானம் 442 கோடிக்கு இறங்கியது. ஆனால் நிகர லாபம் 44 கோடியிலிருந்து ஏறக்குறைய 113 கோடியாகிவிட்டது. எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.

கேரவானில் ஒரு பெட்டி விற்றால் உதிரிபாகம், அசெம்பிளி, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன், வாரண்டி, விளம்பரம் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் போக வேண்டும். பத்தாயிரம் பெட்டி விற்றால் இந்தச் செலவும் பத்தாயிரம் தடவை வரும். உள்ளே இருக்கும் பாட்டோ அப்படியில்லை. சுசீலா ஒரு பாட்டைப் பாடி, வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து முடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று அதை யூடியூபில் ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. ராயல்டி மட்டும் கொடுக்க வேண்டியிருக்கும். 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடவும் முடியாது. அது நியாயமான செலவு, அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதைக் கழித்த பிறகும், பாட்டைப் பயன்படுத்த மற்றவர்களுக்குக் கொடுக்கும் உரிமத்தில் நிற்கும் கிராஸ் மார்ஜின், அதாவது வந்த பணத்தில் நேரடிச் செலவு போக மிஞ்சும் பங்கு, பெட்டி வியாபாரத்தில் கிடைக்காது. இரண்டையும் கூட்டி ஒரே விற்பனை எண்ணாகப் பார்த்ததுதான் நான் செய்த தப்பு.

சரி, அப்படியானால் பழைய பாட்டை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாமே என்று தோன்றும். முடியாது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டுதான். 1965-ல் வந்த ஒலிப்பதிவுகளுக்கு 2025-ஓடு அது முடிந்தது. 1901-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியாகத் தொடங்கி எச்எம்வி இசைத்தட்டுகளால் வளர்ந்த நிறுவனத்துக்கு இது சின்ன விஷயமில்லை. அப்பா விரும்பிக் கேட்கிற வரிசை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டுப் போகிறது.

தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு இது புரியும். காய்ப்பு நிற்பதற்கு முன்பே கன்று வைத்தாக வேண்டும். 2021 நவம்பரில் சரிகம முதலீட்டு நிறுவனங்களிடம் பங்கு விற்று 750 கோடி திரட்டியதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். புதுப் படங்களின் பாட்டு உரிமை இப்போது மலிவில்லை, வாங்கியதெல்லாம் ஹிட்டாகும் என்ற உறுதியும் கிடையாது. அப்புறம், அப்படிக் கொடுத்த பணம் ஒரே வருடத்தில் செலவாக ஏறாது, பல வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். இன்றைய லாபம் அழகாகத் தெரியும்போதே பணம் வெளியே போய்க்கொண்டிருக்கலாம்.

அதனால் இப்போது ஆண்டறிக்கை வந்ததும் முதலில் பிரிவு வாரியான கணக்கைத் திறக்கிறேன். பிறகு பணப்புழக்க அறிக்கையில் புதுப் பாட்டுகளுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்து, அதை லாபத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். பங்கை இன்னும் விற்கவில்லை. அப்பாவின் கேரவானும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.