போருக்கான பணம் எந்தப் பையிலிருந்து போனது?

ஒரு போருக்கு எவ்வளவு செலவானது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்று கேட்டால்தான் பின்விளைவுகள் பிடிபடும். வழிகள் நான்கு: வரி, உள்நாட்டுக் கடன், வெளிநாட்டுக் கடன், நோட்டு அச்சடிப்பு. எல்லா நாடுகளும் இவற்றைக் கலந்தே பயன்படுத்தின. கலந்த விகிதம்தான் வேறு.

முதல் உலகப் போரில் ஜெர்மனி வரியைப் பெரிதாக நம்பவில்லை. 1914 ஆகஸ்ட் 4-ஆம் தேதியே நோட்டுக்குத் தங்கம் தரும் கடமையை நிறுத்திவிட்டு, மக்களிடம் கடன் வாங்க ஒன்பது தவணைகளில் போர்ப் பத்திரம் விற்றது. திரண்டது சுமார் 9,800 கோடி மார்க் (ஜெர்மன் நாணயம்). தோற்கும் எதிரி எல்லாவற்றையும் கட்டுவான் என்பது கணக்கு. தோற்றது ஜெர்மனி. பிறகு வந்த பணவீக்கத்துக்கு, வென்ற நாடுகள் 1921-இல் விதித்த 13,200 கோடி தங்க மார்க் இழப்பீட்டைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் 1918-க்குள்ளேயே புழக்கப் பணம் பல மடங்காகியிருந்தது. 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதியைப் பிடித்தன. அங்கே வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்கு அரசு நோட்டடித்துச் சம்பளம் கொடுத்தது, அதோடு மார்க் சரிந்தது. போருக்கு முன் டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 இலட்சம் கோடி மார்க். புதிய ரென்டன்மார்க் ஒன்றுக்கு ஒரு இலட்சம் கோடி பழைய மார்க் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் 9,800 கோடி மார்க் பத்திரம் முழுவதும் சேர்ந்தாலும் பத்து ஃபெனிக் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு ஒரு ஃபெனிக்) தேறாது! 1925-இல் சட்டம் போட்டு ஒரு சிறு பங்கை மட்டும் மீட்டுக் கொடுத்தார்கள். தேசப்பற்றோடு பத்திரம் வாங்கிய நடுத்தர வர்க்கம் ஓட்டாண்டியானது. கடன் வாங்கி நிலமும் ஆலையும் சேர்த்தவர்கள் பிழைத்தார்கள்.

பிரிட்டன் வரியையும் ஏற்றியது: அதே போரில் வருமான வரி சுமார் 6 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானது. 1917-இல் 5 சதவீத வட்டிக்கு விற்ற பத்திரத்தை 1932-இல் 3.5 சதவீதமாகக் குறைத்து, 2015 மார்ச்சில்தான் தீர்த்தது. அமெரிக்காவில் வருமான வரி கட்டியவர்கள் 1939-இல் சுமார் 40 இலட்சம் பேர், 1945-இல் 4 கோடிக்கு மேல். 1943-இல் போருக்காகக் கொண்டுவந்த, சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கும் முறை இன்றும் நடக்கிறது.

இந்தியா மீது விழுந்த சுமை வேறு ரகம், அதிகம் பேசப்படாததும் அதுதான். பிரிட்டனுடனான 1939 ஒப்பந்தப்படி இரண்டாம் உலகப் போருக்காக இந்தியாவில் ஆன கூடுதல் செலவில் பெரும் பங்கு பிரிட்டனுடையது. ஆனால் பிரிட்டன் ரூபாயாகவோ பொருளாகவோ தரவில்லை; லண்டனில் இந்தியாவின் பெயரில் ஸ்டெர்லிங் (பவுண்டு) வரவு எழுதியது. அந்த வரவைக் கையிருப்பாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அச்சடித்தது. நோட்டு படைக்கும் கொள்முதலுக்கும் போனது. அரிசியும் துணியும் இரும்பும் சந்தையிலிருந்து வெளியேறின. போர் முடிவதற்குள் புழக்க நோட்டு ஆறு மடங்குக்கு மேல் பெருகியது.

விலை ஏறும்போது எல்லோரும் ஒரே அளவில் அடிபடுவதில்லை. கல்கத்தாவில் போர்த் தொழிற்சாலை ஊழியருக்கு நிறுவனமே மலிவு விலையில் அரிசி தந்தது. கிராமத்து விவசாயக் கூலி, மீனவர், கைவினைஞர் ஆகியோரின் வருமானம் அரிசி விலையை எட்டவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றது; ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோரப் படகுகளை அரசே பறித்தது; அக்டோபரில் வங்கக் கடலோர மாவட்டமான மிதினாப்பூரில் புயல். 1943 வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர் இறந்தார்கள். பத்திரம் வாங்காத, வருமான வரி வரம்பை எட்டாத மக்கள் அவர்கள். போர்ச் செலவில் அவர்கள் பங்கு அரிசி விலை வழியாக வசூலானது.

லண்டன் கணக்கில் சேர்ந்த வரவு 1946-இல் சுமார் 130 கோடி பவுண்டு. அதை இஷ்டப்படி எடுக்க முடியாது. பிரிட்டனிடமே டாலர் இல்லை. 375 கோடி டாலர் அமெரிக்கக் கடனில் காலம் தள்ளியது, அதன் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பரில். இந்தியாவுக்கான தொகை கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது, மிச்சமிருந்த வரவின் டாலர் மதிப்பில் 30 சதவீதம் ஒரே நாளில் போனது.