பையை எங்கே வைப்பது?

மார்ச் 2

வீடற்றோருக்கான இரவுக் காப்பகத்தில் தங்குவோருக்கு வேலை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் பணியில் நான் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இன்று வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தச்சு வேலை தெரிந்தவர். கிடங்கு ஒன்றில் சில ஆண்டுகள் இருப்புக் கணக்கும் பார்த்திருக்கிறார். பெயர், வயது, முன் அனுபவம் என்று தடையில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தவர், ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பகத்தின் முகவரியை எழுதட்டுமா என்று கேட்டேன். “அதை எழுதினா கூப்பிட மாட்டாங்க சார், போன தடவை எழுதிப் பார்த்தேன்” என்றார். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டோம்.

மார்ச் 3

நேற்றைய வெற்றுக்கட்டம் என்னை உறங்கவிடவில்லை. முன்பு ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, விண்ணப்பங்கள் குவிந்துவிட்டால் முதலில் கழிப்பது முழுமையாக நிரப்பப்படாதவற்றைத்தான். முகவரி இல்லாத தாள்களை நானே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். எழுதுவதற்கு அவர்களிடம் முகவரி இல்லாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறைகூட எனக்கு வரவில்லை.

மார்ச் 7

உறவினர் ஒருவரிடம் காப்பகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், பிறர் துன்பத்துக்கு இரங்குகிறவர். அவரே, “கை கால் நன்றாக இருக்கிறவன் வேலைக்குப் போனால் வீடு தானாக வந்துவிடுமே” என்றார். இதே சொற்களை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உளவியலாளர் மெல்வின் லெர்னர் 1966இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நினைத்துக்கொண்டேன். ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதுபோல் நடித்துக் காட்டி, பார்ப்பவர்களை அது உண்மை என்று நம்பவைத்தார்கள். அவளுடைய துன்பத்தை நிறுத்தும் வாய்ப்புக் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் நிறுத்தவே முன்வந்தார்கள். அந்த வாய்ப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவர்களோ, நேரம் செல்லச்செல்ல அவளையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்பவேண்டுமானால், அடிபடுகிறவர் ஏதோ தவறு செய்திருக்கவேண்டும் அல்லவா? நடைபாதையில் படுத்திருப்பவரைத் தினமும் தாண்டிப் போகிறவருக்கும் இதுதான் நேர்கிறது என்று நினைக்கிறேன். தன்னால் ஒன்றும் செய்யமுடியவில்லை என்ற தவிப்பைவிட, அவர் சோம்பேறி என்ற முடிவு மனத்துக்குச் சுமை குறைந்ததாக இருக்கிறது.

மார்ச் 11

தச்சருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. தொடர்பு எண்ணாக என் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்ததால்தான் அழைப்பே வந்து சேர்ந்தது. பகலில் சார்ஜ் போட இடமில்லாமல் அவருடைய கைபேசி நண்பகலுக்குள் அணைந்துவிடும்.

காலை ஏழு மணிக்குக் காப்பகம் அடைக்கப்படுகிறது; நேர்காணல் பதினொரு மணிக்கு. இடைப்பட்ட நான்கு மணி நேரமும் துவைத்த சட்டை கசங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக, வெயில் ஏறியும் எங்கும் சாயாமல் நின்றுகொண்டே இருந்தார். தோளில் ஒரு பெரிய பை. ஜிப் அறுந்துபோய் நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்டது. உள்ளே போர்வை, இரண்டு உடை, உளி, இழைப்புளி, பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டையும் பழைய சம்பளச் சீட்டுகளும் இருந்தன. நுழைவாயிலை நெருங்கியதும், “இதோட உள்ளே போனா வாசல்லயே முடிஞ்சிடும் சார்” என்றார். பையை நான் வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குமேல் சாலையோரம் நின்றேன். காவலர் இருமுறை வந்து யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று விசாரித்தார். கடந்து சென்ற ஒரு பெண்மணி, பையைப் பார்த்ததும் குழந்தையை மறுபக்கமாக இழுத்துக்கொண்டார். என் உடையோ முகமோ மாறவில்லை. தோளில் ஒரு பை ஏறியிருந்தது, அவ்வளவே.

மார்ச் 12

முடிவு தெரியவில்லை.

மார்ச் 15

வீடற்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கம் பழையது. நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்ததும் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் வேலையில்லாமல் திரும்பிவந்தார்கள். அவர்களும் பிழைப்பிழந்த மற்றவர்களும் தெருக்களில் பெருகியபோது, 1824இல் கொண்டுவரப்பட்ட நாடோடிகள் சட்டம் திறந்தவெளியில் உறங்குவதையே தண்டனைக்குரியதாக்கியது. உறங்கியதற்குத் தண்டனை, தண்டனைபெற்றவர் என்பதால் வேலை மறுப்பு, வேலை இல்லாததால் மீண்டும் திறந்தவெளி. இந்தச் சுற்றில் நுழைந்த ஒருவர் எந்த இடத்தில் வெளியேறமுடியும்?

‘முதலில் வேலை, பிறகு வீடு’ என்ற என் உறவினரின் வரிசையைத் திருப்பிப்போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளர் சாம் செம்பெரிஸ் 1992இல் நியூயார்க்கில், குடிப்பழக்கத்தை விடவேண்டும், சிகிச்சை பெறவேண்டும் என்ற நிபந்தனைகள் எதுவும் வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்து, மற்ற உதவிகளைப் பிறகு தொடங்கினார். பின்லாந்து 2008இல் அதே அணுகுமுறையை நாட்டின் கொள்கையாக ஏற்றது. நீண்டகாலமாக வீடில்லாமல் இருந்தவர்களின் எண்ணிக்கை அங்கே பின்னர் கணிசமாகக் குறைந்தது. இரவில் கண்மூடி உறங்கியவரால்தான் காலையில் நேரத்துக்கு வேலைக்குப் போகமுடியும் என்பதற்கு ஆய்வும் வேண்டுமா என்று சில நேரங்களில் எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 19

உளவியலாளர்கள் லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்கும் 2006இல் வெளியிட்ட மூளைப்படப் பரிசோதனையைப் பற்றிக் காப்பகத் தன்னார்வலர்களிடம் இன்று பேசினேன். வீடற்றவர்களின் படங்களைக் காட்டியபோது, மனிதரைப் பார்க்கையில் வழக்கமாகத் தூண்டப்படும் மூளைப்பகுதி பார்த்தவர்களிடம் போதிய அளவு இயங்கவில்லை. அவர்களே அடுத்து நடத்திய ஆய்வில், படத்திலிருப்பவருக்கு ஒரு குறிப்பிட்ட காய்கறி பிடிக்குமா என்று கேட்டார்கள். அந்தப் பகுதி மீண்டும் இயங்கியது. அவருக்கும் பிடித்தது, பிடிக்காதது உண்டு என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

தச்சரிடம் ஓராண்டுப் பழக்கம் உள்ளவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். அவருக்கு எந்த மரத்தில் இழைக்கப் பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. இன்று கேட்டேன். தேக்கு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், வேம்பு என்றார். இழைக்கும்போது வரும் வாசனையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

மார்ச் 24

வேலை கிடைத்துவிட்டது. கிடங்கில் இரண்டாவது ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை. செய்தியைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டவர், அடுத்த கணமே சுவரிலிருந்த விதிமுறைப் பலகையைப் பார்த்தார். காப்பகத்தின் கதவு இரவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். அதன்பின் வருபவருக்குப் படுக்கை கிடையாது. முதல் சம்பளம் வரும்வரை வாடகைக்கு முன்பணம் கொடுக்கவும் வழியில்லை.

தாமதமாக வர அனுமதி கேட்டுக் காப்பகப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தோம். அனுப்புநர், பெறுநர் இரண்டுக்கும் கீழே ஒரே முகவரியை எழுதினேன். அவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.