மலைக்காரர்களுக்கு இன்னொரு மலை எதற்கு?

நான்கு வீடுகளைச் சேர்ந்த ஒன்பது பேர் கோத்தகிரியிலிருந்து மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவுக்குப் போவதென்று முடிவெடுத்து மூன்று மாதங்களாகின்றன. எந்த ஊரை விடுவது என்ற பேச்சிலேயே இவ்வளவு நாளும் கழிந்தது. பயண முகவர் ஒருவர் அனுப்பிய பத்து நாள் திட்டத்தில் ஆறு ஊர்கள் இருந்தன. நாட்டின் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை என்பதால் எல்லாமே பக்கத்தில்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதை நன்றாக அறிந்த நாங்களும் அதை நம்பியதுதான் வேடிக்கை. அரேனல் எரிமலையும் மாண்டேவெர்டே மலையும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நடுவே அரேனல் ஏரி கிடப்பதால், காரில் சுற்றிப் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், இல்லாவிட்டால் படகில் ஏரியைக் கடந்து அக்கரையில் வேறு வண்டி ஏற வேண்டும். படகு என்றதும் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

டோர்டுகேரோ என்ற கடற்கரை ஊரைத் திட்டத்திலிருந்து நான்தான் அடித்தேன். அங்கே பச்சை ஆமைகள் முட்டையிட வருவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. நாங்கள் போவது ஏப்ரல் பிற்பாதியில். மே மாதம் கோஸ்டாரிகாவின் பெரும்பகுதியில் மழைக்காலம் தொடங்கிவிடும், இங்கேயோ சீசன் கூட்டம். தங்கும் விடுதி நடத்தும் மைத்துனர் அப்போது ஊரை விட்டு நகர மாட்டார்.

"மலையில இருந்துகிட்டு இன்னொரு மலையப் பாக்கவா இவ்வளவு செலவு?" என்று பெரியப்பா கேட்டது நியாயமான கேள்விதான். மாண்டேவெர்டே ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம், நம் ஊரைவிடத் தாழ்வு. ஆனால் கரீபியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறி மேகமாகிக் காட்டுக்குள்ளேயே தங்குவதால், வறண்ட மாதங்களிலும் பாசி படர்ந்த மரங்கள் சொட்டிக்கொண்டிருக்குமாம். நம் சோலைக்காடுகள் அந்த அளவுக்கு நனைந்து நிற்பதில்லை. இதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. கெட்சால் என்ற பச்சைப் பறவை அங்கே கூடு கட்டும் காலம் அது என்றும், அது பட்டர் ஃப்ரூட்டின் காட்டு உறவான சிறு பழங்களை முழுதாக விழுங்கிக் கொட்டையைத் துப்பிவிடும் என்றும் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொல்லையில் இரண்டு பட்டர் ஃப்ரூட் மரம் வைத்து, குரங்குகளோடு மல்லுக்கட்டுபவர் அவர். "அங்க குரங்கு உண்டா?" என்றார். உண்டு என்றேன். மாண்டேவெர்டேக்கு மூன்று இரவுகள் உறுதியாயின.

சைவம் சாப்பிடும் அத்தைக்கு, காயோ பிந்தோ என்ற கறுப்பு அவரைச் சோறு எங்கும் கிடைக்கும். பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் ஸ்பானிய மொழியில் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

மீதிச் சிக்கல் விசாதான். பன்முறை நுழைவுக்கான அமெரிக்க விசா கையில் இருக்கும் ஐவருக்குத் தனி விசா தேவையில்லை. மற்ற நால்வரும் டெல்லியிலுள்ள தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அமெரிக்காவில் விமானம் மாறவும் அவர்களால் முடியாது. ஆகவே எல்லோருமே ஐரோப்பா வழியாகத்தான். எந்த விமான நிலையம் மாறிச் செல்வதற்கும் விசா கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். இன்றிரவு எட்டரைக்கு, அங்கே காலை ஒன்பது மணிக்கு, மாண்டேவெர்டே விடுதியை அழைத்து, பெரியப்பாவுக்குத் தரைத்தள அறை உண்டா என்று கேட்க வேண்டும்.