உடற்கட்டிலிருந்து பவர்லிஃப்டிங்குக்கு: கிளிநொச்சியில் செய்து பார்த்த அனுபவம்

என் பயிற்சிக் கொப்பியில் இப்போது ஒரு நாளுக்கு மூன்று நான்கு வரிகள்தான் விழுகின்றன. முன்பு ஒரு பக்கம் போதாது. நெஞ்சுக்கு நான்கு விதம், தோளுக்கு மூன்று விதம், கையின் முன்தசைக்கும் பின்தசைக்கும் தனித்தனியாக என்று நிரப்பிக்கொண்டே போவேன். உடற்கட்டுப் பயிற்சியை விட்டு பவர்லிஃப்டிங் முறைக்கு வந்ததும் முதலில் மெலிந்தது கொப்பிதான்.

பவர்லிஃப்டிங் என்றதும் எங்கள் பக்கத்தில் பலர் ஒலிம்பிக் பளுதூக்கலை நினைக்கிறார்கள். அதில் பாரை, அதாவது தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியை, தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். இதில் மூன்றே அசைவுகள்: பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட், மல்லாந்து படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் சரியாகத் தூக்கிய அதிகூடிய எடைகளைக் கூட்டினால் வருவதே ஒருவரின் மொத்தம். உடற்கட்டழகுப் போட்டியிலோ மேடையில் ஒரு கிலோவும் தூக்க வேண்டியதில்லை. உடற்கட்டழகின் முன்னோடியான யூஜின் சாண்டோ 1901இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் நடத்திய பெரும் போட்டியில் நடுவராக அமர்ந்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் லோஸ் என்ற சிற்பி. பொருத்தமான தெரிவுதான். அது கண்ணால் அளக்கும் விளையாட்டு.

ஒன்று அழகுக்கு, மற்றது பலத்துக்கு என்று ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் செய்து பார்த்த பிறகு எனக்கு அந்தப் பிரிப்பில் திருப்தி இல்லை. பெஞ்ச் பிரஸ்ஸையே எடுத்துக்கொள்கிறேன். உடற்கட்டுக்காகச் செய்தபோது நெஞ்சுத் தசைக்கு எப்படி வேலையைக் கூட்டலாம் என்றுதான் யோசித்தேன். மெதுவாக இறக்குவேன், கீழே தசை நன்றாக இழுபடும்வரை விடுவேன், உடலின் வேறு எந்தப் பகுதியும் உதவிக்கு வரக்கூடாது என்று பார்த்துக்கொள்வேன். இப்போது தேடுவது நேர்மாறானது. அதே எடையை உடலுக்கு எப்படி இலகுவாக்குவது? தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுகிறேன், முதுகை வளைக்கிறேன், பிடியை அகட்டுகிறேன், பார் பயணிக்கும் தூரத்தைக் குறைக்கிறேன், காலால் தரையை உதைக்கிறேன். முன்னது தசையைத் தனியே பிரித்துக் களைக்க வைக்கிறது. பின்னது முழு உடம்பையும் ஒரே வேலைக்குக் கூட்டுச் சேர்க்கிறது.

இதைக் கள்ள வேலை என்பவர்களுக்கு விதிகள் பதில் சொல்கின்றன. பிடி எவ்வளவு அகன்றாலும் ஆள்காட்டி விரல்களுக்கு இடையே 81 சென்றிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பார் நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகு நடுவர் கட்டளையிட்டால்தான் தள்ளலாம். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்க வேண்டும். நெஞ்சில் நிறுத்தித் தள்ளிய முதல் நாளே என் பெஞ்ச் எடையில் ஐந்து கிலோ காணாமல் போனது.

உடலின் வாகு எவ்வளவு பேசுகிறது என்பதற்கு அமெரிக்கப் பவர்லிஃப்டர் லமார் காண்ட்டைத்தான் எப்போதும் சொல்வேன். ஏறத்தாழ 60 கிலோ உடல் எடையில் 300 கிலோ டெட்லிஃப்ட் செய்தவர். 1985இல் தன் எடையைப் போல் ஐந்து மடங்கைத் தூக்கிய முதல் மனிதர். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதனால் உடம்பு குறுகி, கைகள் முழங்காலை நெருங்கும் அளவுக்குத் தாழ்ந்தன. தூக்க வேண்டிய தூரம் குறைந்ததால், மருத்துவர் குறை என்று எழுதும் ஒன்று அங்கே அனுகூலமானது. உடற்கட்டழகு மேடையில் அந்த முதுகுக்குப் புள்ளி குறைந்திருக்கும்.

இனி என் கணக்கு. மாறும்போது 90 கிலோவில் எட்டுத் தடவை ஸ்குவாட் செய்துகொண்டிருந்தேன். எடையை, ஒன்றுடன் தடவைகளில் முப்பதில் ஒரு பங்கைக் கூட்டிப் பெருக்கும் எப்லி வாய்பாட்டின்படி, ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகூடிய எடை 114 கிலோவாக வர வேண்டும். விதிப்படி குந்தி எழும்பியபோது நூறுதான் வந்தது. பெஞ்ச் 72.5, டெட்லிஃப்ட் 140. மொத்தம் 312.5. கடந்த பெரும்போகத்து விதைப்பு முடிந்த கையோடு மீண்டும் சோதித்தபோது ஸ்குவாட் 127.5, பெஞ்ச் 82.5, டெட்லிஃப்ட் 167.5. மொத்தம் 377.5. உடல் எடை 74 கிலோ வகுப்புக்குள் நிற்கிறது. கையின் சுற்றளவு முன்பும் 36 சென்றிமீற்றர், இப்போதும் 36. சட்டையில் தெரியாத 65 கிலோ எங்கிருந்து வந்தது என்று தம்பி முறையான ஒருவன் கேட்டான். பெரும்பங்கு நரம்பிலிருந்து வந்தது. இருக்கும் தசை இழைகளில் கூடுதலானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. பாரமான எடையை ஒரு தடவை தூக்குவது தனியான திறமை. பன்னிரண்டு தடவைப் பயிற்சி அதைக் கற்றுத்தராது. தசை வளர்வதற்கோ ஐந்து தடவையும் போதும், இருபது தடவையும் போதும். களைக்கும் எல்லைவரை போனால் சரி.

நெல் மூடை ஏற்றும் தொழிலாளி ஒருவர் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தார். டெட்லிஃப்ட் பாரை வாழ்நாளில் தொட்டதில்லை. 140ஐ இழுத்துவிட்டு, இதற்கு ஏன் காசு கட்டுகிறீர்கள் என்று கேட்டார். பெஞ்ச்சில் 50 கிலோ அவரை அழுத்திவிட்டது. எதைத் தினமும் செய்கிறோமோ அதில்தான் பலம். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அந்த 50 கிலோதான் உதவியது.

உபகரணங்களால் வந்த வேலை தனி. எங்கள் ஜிம் ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. உடற்கட்டுக்கு அங்கே ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் தசைக்கு எண் தெரியாது. பவர்லிஃப்டிங்குக்கு எண்தான் எல்லாம். 20 கிலோ என்று நம்பிய பாரை நெல் வாங்கும் கடைத் தராசில் நிறுத்தபோது 17 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தட்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்துச் சோக்கால் உண்மை எடையை எழுதினோம். மேலே சொன்ன எண்கள் இப்படி எடை பார்த்த பிறகு வந்தவை. அடுத்தது உயரம். போட்டித் தட்டின் விட்டம் 45 சென்றிமீற்றர், ஆகவே பார் தரையிலிருந்து 22.5 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கும். எங்கள் இரும்புத் தட்டுகள் சிறியவை. பார் கணுக்காலுக்கு அருகே கிடக்கும், முதுகு கூனும். பனங்குற்றியில் இரண்டு துண்டுகள் அறுத்து, மேலே பழைய ரயர்த் துண்டு அடித்து, தட்டுகளுக்குக் கீழே வைத்தோம். உயரமும் சரியானது, சத்தமும் அடங்கியது. பாடசாலைச் சோக்கைக் கையில் பூசிப் பிடியைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு: அது பெரும்பாலும் ஜிப்சம். வேண்டியது மக்னீசியம் காபனேற்று. கொழும்பிலிருந்து யாராவது வந்தால் சொல்லி வையுங்கள்.

வெக்கையைப் பற்றிச் சொல்லாமல் வன்னிப் பயிற்சிக் குறிப்பு முடியாது. சிறுபோகக் காலத்துப் பின்னேரங்களில் ஒரு நிமிட ஓய்வோடு பன்னிரண்டு பன்னிரண்டாகச் செய்யும்போது தசைக்கு முன்னால் மூச்சுத்தான் தோற்கும். மூன்று தடவைகள் செய்து நான்கு நிமிடம் மின்விசிறிக்குக் கீழே இருப்பது சொர்க்கம். மின்சாரம் இருந்தால். ஆனால் அந்த நான்கு நிமிடங்கள் கூடிக்கூடி ஸ்குவாட்டுக்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். ஸ்குவாட் தாங்கி ஒன்றுதான் இருக்கிறது. அதில் கையின் முன்தசைக்காகப் பாரோடு கை மடக்க வரும் இளைஞர்கள் என்னைப் பார்க்கும் பார்வை நல்லதல்ல. கை மடக்க அதுவா இடம் என்று நானும் பார்ப்பேன்.

சாப்பாட்டில் பவர்லிஃப்டிங் கருணையானது. இரண்டுக்கும் புரதம் ஏறக்குறைய ஒரே அளவு வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் என்று வைத்தால் எனக்கு 120 கிராம் அளவில் வருகிறது. ஒரு முட்டையில் 6 கிராம். மிச்சத்தை இரணைமடுக் குளத்து யப்பான் மீன் (திலாப்பியா), கௌபி, பயறு, கோழி என்று நிரப்புகிறேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புரத மா டப்பாக்களைத் தொடுவதில்லை. முறிகண்டியில் பஸ் நிற்கும் இடத்தில் விற்கும் கச்சானிலும் (நிலக்கடலை) புரதம் உண்டு, ஆனால் அதில் பாதி எண்ணெய். உடற்கட்டழகுப் போட்டிக்குக் கொழுப்பை உருக்குபவர் அந்தப் பக்கம் பஸ் நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எங்கள் ஜிம்மில் பெஞ்ச் பிரஸ்ஸில் எல்லோரையும் வெல்பவர் போரில் ஒரு காலை இழந்த அண்ணை ஒருவர். பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுப் படுப்பார். காலால் உதைக்க முடியாததால் பாரம் ஏற ஏற உடம்பு ஒரு பக்கம் சரியும். பராலிம்பிக்கில் பவர்லிஃப்டிங் என்றால் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான். வீரர் கால்களை நீட்டிப் படுத்து, பட்டியால் கட்டிக்கொள்ளலாம். 2016 ரியோவில் ஈரானின் சியாமன்ட் ரஹ்மான் 310 கிலோ தள்ளியது அப்படித்தான். இதைச் சொன்னபோது அண்ணை கேட்ட ஒரே கேள்வி: “தம்பி, அந்தப் பட்டி எவ்வளவு அகலம்?” அடுத்த நாள் லொறியில் சாமான் கட்டும் பட்டியும் பெஞ்ச்சின் இருபுறமும் ஒட்ட இரண்டு பலகைகளும் கொண்டுவந்தார். 95இல் தடுமாறிக்கொண்டிருந்தவர் இப்போது 107.5 தள்ளுகிறார். உடற்கட்டா பவர்லிஃப்டிங்கா என்ற எங்கள் வாக்குவாதத்தில் அவர் கலந்துகொள்வதில்லை.

உண்மையில் இரண்டுக்கும் நடுவே மதில் ஒன்றும் இல்லை. 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா என்ற உடற்கட்டழகுப் பட்டம் வென்ற ரொனி கோல்மன் பவர்லிஃப்டிங் பழகியவர். 800 இறாத்தல் டெட்லிஃப்ட் செய்தவர். நானும் பழைய பழக்கத்தை முழுதாக விடவில்லை. முதுகுக்கும் பின்தொடைக்கும் எட்டு, பத்துத் தடவைப் பயிற்சி கடைசியில் இருக்கும். மாசி, பங்குனி அறுவடை நாட்களில் பாரமான டெட்லிஃப்ட்டை நிறுத்தி, உடற்கட்டு முறைக்கே திரும்புகிறேன். பகலில் மூடை தூக்கிய முதுகால் இரவில் 150 கிலோவை நம்ப முடியாது. புதிதாக வரும் பையன்களுக்கும் முதல் வருடத்தில் எட்டு, பத்துத் தடவைகளையே சொல்வேன். பக்கத்தில் நின்று கவனிக்கத் தகுந்த ஆள் இல்லாத இடத்தில் ஒற்றைத் தடவைப் பாரம் அவர்களுக்கு வேண்டாம்.

இப்போது ஜிம்மில் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு கொஞ்சம் இருக்கிறது. உடற்கட்டுக் கூட்டம் கேபிள் இயந்திரம் கேட்கிறது. நானும் அண்ணையும் உண்மையான 20 கிலோ பாரும் 45 சென்றிமீற்றர் றப்பர்த் தட்டு இரண்டு சோடியும் கேட்கிறோம். இரண்டு பேருக்கு எதிராகப் பதினொரு பேர் இருக்கிறார்கள். மூடை ஏற்றுபவரை உறுப்பினராக்கும் முயற்சி நடக்கிறது.