சுரண்டிய சாலையிலிருந்து புதிய கலவை

சென்னையில் புதுச் சாலை போடுமுன் சுரண்டி எடுக்கும் பழைய மேற்பரப்பைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவது எனக்கு வேதனை தருகிறது. அதில் நல்ல ஜல்லியும், எடையில் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு தாரும் இருக்கின்றன. அவற்றைப் புதுச் சாலைக்கான கலவையில் மீண்டும் சேர்க்கலாம். ஆனால் அந்தத் தார் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போயிருக்கும் என்பதால், கரைப்பானால் அதைப் பிரித்தெடுத்து, அதன் அளவையும் பாகுத்தன்மையையும், மிஞ்சும் ஜல்லியின் சல்லடைப் பகுப்பையும் (எந்த அளவுக் கல் எவ்வளவு என்பதை) முதலில் அறிய வேண்டும். சுரண்டும் இயந்திரத்தின் பற்கள் கல்லை உடைப்பதால் பொடி மிகுந்துவிடுகிறது. புதிய கலவையில் பழைய பொருளின் பங்கை உயர்த்தவிடாமல் தடுப்பது பல வேளைகளில் இந்தப் பொடிதான். இறுகிய தாரை ஈடுகட்ட, வி.ஜி-30 என்ற தரத் தாருக்குப் பதிலாக, அதைவிட இளகிய வி.ஜி-10 தரத் தாரைச் சேர்க்கலாம். சுரண்டிய பொருளின் குவியலைக் கூரையின்கீழ் வைக்காவிட்டால், அதிலுள்ள ஈரத்தைப் போக்கவே புது ஜல்லியைக் கூடுதலாகச் சூடேற்ற நேரும். கலவையின் வலிமையை அளக்கும் மார்ஷல் சோதனையில் நிலைப்பு எண் (அது தாங்கும் உச்சச் சுமை) உயர்ந்து வந்தாலும் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. விறைத்த கலவையிலும் அந்த எண் உயரும்; ஆனால் அது விரைவில் விரிசல் விடும்.