கேவண்டிஷ் என்ற பெயரின் பின்னால் ஒரு பயணம்

தேனிப் பக்கம் ஜி-நைன் என்று பயிரிடுகிறார்களே, அந்த வாழை கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தது. பள்ளியில் ஹைட்ரஜனைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படித்தவர் ஹென்றி கேவண்டிஷ். எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம், கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். மூன்றும் ஒரே ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர் என்று தெரிந்த நாளிலிருந்தே அந்தப் பெயர் ஊன்றிய இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. இங்கிலாந்து போக வாய்ப்பு வந்ததும் லண்டனைச் சுருக்கிக்கொண்டு இதற்கே நேரம் ஒதுக்கினேன்.

தொடக்கம் சஃபோக் மாவட்டத்தில். ஸ்டவர் ஆற்றங்கரையில் கேவண்டிஷ் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. நடுவில் பெரிய புல்வெளி, அதன் ஓரத்தில் கூரை வேய்ந்த இளஞ்சிவப்பு வீடுகள், பின்னால் செயின்ட் மேரி தேவாலயத்தின் கோபுரம். இங்கிலாந்து நாள்காட்டிகளில் வரும் படத்தைப் போலத்தான் இருக்கிறது ஊர். ஆனால் கதை சாந்தமானதல்ல. இந்த ஊர்க்காரரான சர் ஜான் கேவண்டிஷ் அரசரின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1381-ல் தலைவரிக்கு எதிராகக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவரைப் பிடித்துத் தலையை வெட்டி, பக்கத்து நகரமான பரி செயின்ட் எட்மண்ட்ஸில் காட்சிக்கு வைத்தார்கள். தப்பி ஓடும்போது இந்தத் தேவாலயக் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு அடைக்கலம் கேட்டார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. அது நடந்ததோ இல்லையோ, அந்தக் கதவின் முன்னால் நின்றபோது எனக்குக் கை நீண்டது.

அங்கிருந்து கேம்பிரிட்ஜ் தூரமில்லை. ஃப்ரீ ஸ்கூல் லேன் ஒரு குறுகலான சந்து. கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் 1874-ல் திறக்கப்பட்ட பழைய கட்டடம் அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்கூடம் இப்போது நகரின் மேற்குப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் பார்க்க வேண்டியது இந்தச் சந்துதான். வாசலின் மரக்கதவில் சங்கீதம் 111-லிருந்து ஒரு வசனம் லத்தீனில் செதுக்கியிருக்கிறது. கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்கிறார்கள் என்று பொருள். ஜே. ஜே. தாம்சனின் எலெக்ட்ரான் 1897-ல், சாட்விக்கின் நியூட்ரான் 1932-ல், வாட்சனும் கிரிக்கும் சொன்ன டி.என்.ஏ. அமைப்பு 1953-ல். எல்லாம் இங்கே வேலை செய்தவர்களின் சாதனைகள். நம் ஜி. என். ராமச்சந்திரனும் 1940-களின் கடைசியில் இங்கே ஆய்வு செய்தவர். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை உலகுக்குச் சொன்னார். அந்தச் சந்தில் நடக்கும்போது எனக்கு அவர் நினைப்புதான் அதிகம் வந்தது.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? கட்டக் காசு கொடுத்தவர் டெவன்ஷயரின் ஏழாவது டியூக், வில்லியம் கேவண்டிஷ். அப்போது பல்கலைக்கழகத்தின் வேந்தரும் அவர்தான். ஆனால் இந்தக் குடும்பத்தின் உண்மையான விஞ்ஞானி அவருக்கு முந்தைய நூற்றாண்டின் ஹென்றி. 1731-ல் பிறந்தவர், பெரும் பணக்காரர், அதைவிடப் பெரிய கூச்ச சுபாவி. வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் நேரில் பேசாமல் சீட்டு எழுதி வைப்பாராம். ஹைட்ரஜன் தனி வாயு என்று 1766-ல் காட்டினார். 1797–98-ல் லண்டனை அடுத்த கிளாபம் வீட்டில் ஒரு கொட்டகைக்குள், ஆறடிக் கம்பின் இரு முனைகளிலும் சின்ன ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, அருகே ஒவ்வொன்றும் ஏறக்குறைய 158 கிலோ எடையுள்ள பெரிய குண்டுகளைக் கொண்டுவந்தார். உடம்புச் சூட்டில் காற்று அசைந்துவிடக் கூடாது என்று உள்ளே போகாமல், பெரிய குண்டுகளின் ஈர்ப்பால் கம்பு திரும்புவதை வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாக அளந்தார். அந்த ஈர்ப்பைப் பூமியின் ஈர்ப்போடு ஒப்பிட்டதில், பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று கிடைத்தது. இன்றைய அளவு 5.51.

இதைக் கேவண்டிஷ் சோதனை என்கிறோம். ஆனால் கருவியை முதலில் யோசித்துச் செய்தவர் ஜான் மிச்செல் என்ற பாதிரியார். சோதனை செய்யுமுன் அவர் 1793-ல் இறந்துபோனார். ஹென்றி தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இன்னொரு பக்கம், அவர் செய்து, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த மின்சார ஆராய்ச்சிகள் ஏராளம். மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலம், தன் உடம்பிலேயே அதிர்ச்சி வாங்கி அளந்தார். நாம் கூலும் விதி, ஓம் விதி என்று படிப்பவை அந்தத் தாள்களில் முன்பே இருந்தன. ஆய்வுக்கூடத்தின் முதல் பேராசிரியரான மேக்ஸ்வெல் கடைசிக் காலத்தில் அந்தத் தாள்களைப் பதிப்பித்து 1879-ல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவரும் காலமானார். இந்தப் பெயர் அடுத்தவர் உழைப்பின்மேல் ஒட்டியிருக்கிறது, இவருடைய உழைப்போ அடுத்தவர் பெயரில் நிற்கிறது. பயணம் முழுக்க இது என்னை விடவில்லை.

அங்கிருந்து வடக்கே டார்பிஷயர். குடும்பத்தைப் பெரிய குடும்பம் ஆக்கியது ஒரு பெண். ஹார்ட்விக்கின் பெஸ் நான்கு முறை மணந்தவள். இரண்டாம் கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ். பிள்ளைகள் எல்லாம் அவர் வழியில்தான். அவள் வற்புறுத்தித்தான் 1549-ல் 600 பவுண்டுக்கு சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கினார்கள். கடைசிக் கணவரும் இறந்த 1590-ல், அறுபது வயதைத் தாண்டியவள், ஹார்ட்விக் ஹாலைக் கட்ட ஆரம்பித்தாள். சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். கண்ணாடி பெரும் செலவுள்ள பொருளாக இருந்த காலம் அது. மாலை வெயில் பட்டால் முன்பக்கம் முழுக்கப் பற்றி எரிவது போலத் தெரிகிறது. கூரைமேல் கோபுரங்களில் ஈ.எஸ். என்று கல்லில் வெட்டிய எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரி (பெஸ் என்பது எலிசபெத்தின் சுருக்கம், ஷ்ரூஸ்பரி கடைசிக் கணவரின் பட்டம்) என்பதன் முதலெழுத்துகள், வெகுதூரத்திலிருந்தே தெரியும். தன் பெயரைத் தானே உச்சியில் வைத்துவிட்டாள்.

சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது தோட்டத்துக்காக. ஆறாவது டியூக் 1826-ல் தலைமைத் தோட்டக்காரராக அமர்த்திய ஜோசஃப் பாக்ஸ்டனுக்கு அப்போது வயது 23 கூட ஆகவில்லை. விடியுமுன் வந்து சேர்ந்தவர், வாயில் பூட்டியிருந்ததால் சுவரேறிக் குதித்துத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு ஏவி, காலைச் சாப்பாட்டின்போது தன் வருங்கால மனைவியையும் கண்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மொரிஷியஸ் வழியாக வந்த, தென் சீனாவை மூலமாகக் கொண்ட ஒரு குட்டை வாழையை அவர் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூ விட்டது. அடுத்த ஆண்டு தோட்டக்கலைச் சங்கக் கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. முதலாளியின் பெயரை அதற்கு வைத்தார்கள். சாட்ஸ்வொர்த் வாழைகளில் சில சமோவா தீவுக்குப் போயின. 1950-களில் பனாமா வாடல் நோய் குரோ மிஷெல் வாழையை ஏற்றுமதிச் சந்தையிலிருந்து துரத்தியபோது, அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் வகைகள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று உலகில் விளையும் வாழையில் ஏறக்குறைய பாதி இந்த வகை. கண்ணாடிக் கூடத்தில் வாழை இப்போதும் நிற்கிறது. குளிர் நாட்டில், கண்ணாடியில் நீர் வியர்க்க, கிழிந்த இலையோடு ஒரு வாழையைப் பார்ப்பது நம் ஊர்க்காரருக்குத் தனி அனுபவம்.

பக்கத்து ஊரான எடென்சர் தேவாலயத்துக்குக் கட்டாயம் நடந்து போங்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை கேத்லீன் இந்தக் குடும்பத்தின் மருமகள். அவள் கல்லறைக்கு 1963 ஜூனில் அண்ணன் வந்துபோனதை ஒரு கல் சொல்கிறது. டியூக்குகளின் கல்லறைகள் எளிய கற்கள். அதே இடத்தில் பாக்ஸ்டனின் கல்லறை அவற்றைவிடப் பெரியது. எனக்கு அது நிறைவாக இருந்தது.

ஷெஃபீல்டிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பேருந்து உண்டு. ஹார்ட்விக்குக்குக் கார் இருந்தால்தான் சௌகரியம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நேரம் மிஞ்சினால் டார்பி நகரப் பேராலயத்துக்குப் போங்கள், பெஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறாள், ஹென்றியும் அங்கேதான்.