காடு இல்லாத சாரணர்கள்

வெளிநாட்டுப் படங்களில் வரும் சாரணப் பையன் எப்போது பார்த்தாலும் காட்டில்தான் இருப்பான். கூடாரம், ஆறு, முதுகில் பெரிய மூட்டை, மார்பில் இடம் கொள்ளாத பேட்ஜுகள். கடலூரில் சாரணர்களாக இருந்த நமக்கு வாய்த்த காடு, தேவனாம்பட்டினம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு ஒன்றுதான். அங்கேயும் விடிவதற்குள் பாதிப் பேரை எறும்பு கடித்துவிட்டது.

இந்தக் காட்டு ஆசை சாரணியத்தோடு கூடவே பிறந்தது. அதைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் 20 பையன்களோடு முதல் முகாம் நடத்தினார். 1916-ல் சின்னப் பிள்ளைகளுக்கான குருளையர் பிரிவு வந்தபோது கிப்ளிங்கின் காட்டுக் கதையிலிருந்து அகேலா என்ற ஓநாயும் பாலு என்ற கரடியும் உள்ளே வந்துவிட்டார்கள். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் அதே கதையின் மௌக்லி ஓடியபோது, நம் குருளைகள் என்னவோ சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சிறுவனாக இருந்தபோது சாரணர் புகைப்பட பேட்ஜுக்காக ஒரு குட்டிப் படம் எடுத்தவர். அவர் 1989-ல் எடுத்த மூன்றாவது இண்டியானா ஜோன்ஸ் படம், 1912-ல் சாரண உடையில் இருக்கும் சின்ன இண்டியுடன் தொடங்குகிறது. திருடர்களிடமிருந்து சிலுவையைப் பறித்துக்கொண்டு சர்க்கஸ் ரயிலின் கூரை மேல் ஓடுகிறான். அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஸ்கவுட் சார் அங்கே இருந்திருந்தால் ரயிலில் ஏற விட்டிருப்பாரா? புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த என் பெரியப்பா மகன் கொண்டுவரும் டின்டின் படக்கதைப் புத்தகங்களும் இதே வகைதான். அதை வரைந்த எர்ஜே பழைய சாரணர். 1926-லேயே பெல்ஜியத்துச் சாரணர் பத்திரிகையில் டோட்டோர் என்ற அணித்தலைவனை வரைந்தவர். டின்டினை அவனுக்குத் தம்பி என்றே சொல்லலாம்.

2009-ல் வந்த ‘அப்’ அனிமேஷன் படத்தில் சாரணன் மாதிரி வரும் சிறுவன் ரஸ்ஸலை மட்டும் எனக்குப் பிடிக்கும். முதியவருக்கு உதவினால் கிடைக்கும் பேட்ஜ் ஒன்றுதான் அவனுக்குப் பாக்கி. அதற்காக ஒரு தாத்தாவின் வாசல்கதவைத் தட்டுகிறான். சரி, இவன் நம்ம ஆள் என்று தோன்றியது. உடனே அவனையும் பலூன் கட்டிய வீட்டோடு தென் அமெரிக்கக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

நம்முடைய சாரணியம் கூட்டத்தில் நடந்தது. மாசி மகத்தன்று சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேரும். விடியற்காலையிலேயே நம்மைக் கயிறும் கம்புமாக மணலில் நிறுத்திவிடுவார்கள். அலையில் இறங்கும் பாட்டிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தண்ணீர்ப் பந்தலில் டம்ளர் கழுவ வேண்டும், தொலைந்த பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அழுகிற பிள்ளையிடம் பெயர் கேட்டால் ‘பாப்பா’ என்று சொல்லும். அப்பா பெயர் கேட்டால் ‘அப்பா’. அதற்கு நாம் படித்த கயிற்று முடிச்சு எதுவும் உதவாது. “கயித்த விட்டுட்டு எவனாவது சாமி பாக்கப் போனீங்க, ஸ்கார்ஃப கழட்டி வாங்கிடுவேன்” என்று சார் போடுகிற சத்தம் நாதஸ்வரத்தையும் தாண்டிக் கேட்கும். மத்தியானம் பொட்டலத்தில் புளிசாதம். அந்த நாளுக்கென்று பேட்ஜ் எதுவும் கிடையாது.

நான் பார்த்த தமிழ்ப் படங்களில் சாரணர்கள் கொடியேற்றத்தில் வரிசையாக நின்று வணக்கம் வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த ஷாட்டில் காணாமல் போய்விடுவார்கள். கடற்கரைத் திருவிழாவில் கயிறு பிடித்து நிற்கும் பத்துப் பையன்களை வைத்தே ஒரு முழுக் கதை சொல்லலாம். நம் பழைய சாரணர் சங்கத்தில் குறும்படம் எடுக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். யாராவது எடுத்தால் செலவில் என் பங்கும் உண்டு. சார் வேடத்துக்கு மட்டும் நல்ல தொண்டை உள்ள ஆளாகப் பாருங்கள்.